பழைய மடிக்கணினியில் புதிய இயங்குதளம்: நிறுவல் எந்த இடத்தில் நின்றது என்று பார்த்துச் சிக்கலைத் தீர்க்கும் முறை

பழைய மடிக்கணினியில் புதிய இயங்குதளத்தை நிறுவ முயன்று தோற்றவர்கள் பெரும்பாலும் திரையில் வந்த பிழைச்செய்தியை வைத்தே காரணத்தைத் தேடுகிறார்கள். அந்தச் செய்தி பல நேரங்களில் பொதுவாகவே இருக்கும். நிறுவல் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதுதான் உண்மையான தடயம். பென் டிரைவிலிருந்து கணினி துவங்கவே இல்லையா, துவங்கிய பின் ஹார்ட் டிஸ்க் தெரியவில்லையா, கோப்புகளைப் படியெடுக்கும்போது பாதியில் நின்றதா, எல்லாம் முடிந்து மறுதுவக்கத்தில் கறுப்புத் திரை வந்ததா என்று கேட்டுப் பாருங்கள். இந்த நான்கு இடங்களுக்கும் காரணங்கள் வேறு, தீர்வுகளும் வேறு. ஆகவே இந்த வழிகாட்டியையும் அதே வரிசையில் எழுதியிருக்கிறேன். முதல் நான்கு பகுதிகள் நிறுவலைத் தொடங்கும் முன் செய்ய வேண்டியவை. அவற்றைத் தாண்டிக் குதித்தவர்களுக்குத்தான் பின்னால் சிக்கல் அதிகம் வருகிறது என்பதால், பொறுமையாக அங்கிருந்தே தொடங்குங்கள்.

முதலில், கணினியை அறிந்துகொள்ளுங்கள்

விண்டோஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் நமக்கு வேண்டிய பெரும்பாலான விவரங்கள் ஒரே பக்கத்தில் கிடைக்கும். பிராசசரின் முழுப்பெயர், ரேமின் அளவு, பயாஸ் மோட் (கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருளின் முறை) என்ற வரியில் லெகசி (பழைய முறை) என்றிருக்கிறதா யூஇஎஃப்ஐ (புதிய முறை) என்றிருக்கிறதா, செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் துவங்கவிடும் பாதுகாப்பு) எந்த நிலையில் உள்ளது ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கைபேசியில் படம் எடுத்தாலும் போதும், ஆனால் அதே மடிக்கணினியில் சேமித்து வைக்காதீர்கள். தேவைப்படும் நேரத்தில் அது திறக்காது. டிஸ்க் மேனேஜ்மென்ட் பகுதிக்குச் சென்று, டிஸ்க்கின் பண்புகளில் அது எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டதா ஜிபிடி என்ற புதிய முறையில் பிரிக்கப்பட்டதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் தடைகளில் பலவற்றுக்கு விடை இந்த ஐந்து வரிகளில்தான் இருக்கும்.

எந்த இயங்குதளம் பொருந்தும்

விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், பலரும் விண்டோஸ் 11-க்கு மாற விரும்புகிறார்கள். மைக்ரோசாஃப்ட் அதற்கு விதித்துள்ள அடிப்படைத் தேவைகள் 64-பிட் பிராசசர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், செக்யூர் பூட் வசதியுள்ள யூஇஎஃப்ஐ, டிபிஎம் 2.0 (குறியாக்கச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு வசதி) ஆகியவை. பிராசசர் வரிசையில் இன்டெல் என்றால் சில விதிவிலக்குகள் தவிர எட்டாம் தலைமுறை முதலும், ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசை முதலும்தான் அதன் ஆதரவுப் பட்டியலில் உள்ளன.

இதில் டிபிஎம் இல்லை என்று வரும் செய்தியை அப்படியே நம்பிவிட வேண்டாம். 2016 ஜூலை 28-க்குப் பின் வந்த புதிய மாடல்களில் டிபிஎம் 2.0 இருந்தாக வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட்டின் விதி. அதற்குச் சற்று முன்பு வந்த பல கணினிகளிலும் அது பிராசசருக்குள்ளேயே இருந்து, பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் கணினிகளில் பிடிடி என்ற பெயரிலும், ஏஎம்டி கணினிகளில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் அதைத் தேடுங்கள். அதை இயக்கியவுடன் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் ஆறாம் தலைமுறை இன்டெல் பிராசசர் உள்ள கணினியில் டிபிஎம் 2.0 இருந்தாலும், பிராசசர் பட்டியலில் இல்லை என்ற காரணத்தால் அப்டேட் மறுக்கப்படும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ரூஃபஸ் போன்ற கருவிகள் இந்தச் சோதனைகளை நீக்கிவிட்டுப் பென் டிரைவைத் தயாரிக்க உதவுகின்றன. அந்த வழியில் விண்டோஸ் 11 நன்றாகவே ஓடும் கணினிகள் உண்டு. இருந்தாலும், தேவைகளை நிறைவு செய்யாத கணினிகளுக்கு அப்டேட்டுகள் உறுதியில்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே கூறுகிறது. ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பு மாற்றங்களை நீங்களே கையால் நிறுவ நேரிடும். இதை ஏற்றுக்கொள்ளக் கூடியவர்கள் மட்டும் அந்த வழியில் செல்லலாம். வங்கிக் கணக்குகளைக் கையாளும் கணினிக்கோ, நீங்கள் உடன் இல்லாதபோது வீட்டு முதியவர்கள் பயன்படுத்தும் கணினிக்கோ இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்தக் கருவியாலும் தாண்ட முடியாத ஓர் எல்லையும் உண்டு. 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு முதல், விண்டோஸ் 11 துவங்குவதற்கே பிராசசரில் எஸ்எஸ்இ 4.2, பாப்கவுன்ட் என்னும் கட்டளைகள் இருந்தாக வேண்டும். கோர் 2 டுவோ போன்ற பிராசசர்களில் அவை இல்லை. எந்தச் சோதனையை நீக்கினாலும் அத்தகைய கணினியில் புதிய பதிப்பு துவங்காது. அங்கே நேரத்தைச் செலவிடுவது வீண்.

அத்தகைய கணினிகளுக்கு லினக்ஸ்தான் நேர்மையான தீர்வு. உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. 4 ஜிபி ரேம் இருந்தால் அன்றாட வேலைகளுக்கு அது போதும். 2 ஜிபி மட்டுமே இருந்தால் லுபுண்டு போன்ற எளிய வடிவங்களைப் பாருங்கள். பிராசசரே 32-பிட் என்றால் தேர்வுகள் மிகக் குறைவு: 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 முதல் 32-பிட் கணினிகளுக்கான நிறுவல் வடிவம் கைவிடப்பட்டுவிட்டது, டெபியன் 12-இல்தான் அது கடைசியாக உள்ளது.

உடனடியாக முடிவெடுக்க இயலாதவர்கள் விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பிலேயே சற்றுக் காலம் தொடரலாம். தனிநபர் பயனர்களுக்கென மைக்ரோசாஃப்ட் அறிவித்த நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகள் கிடைக்கும்.

பேக்கப்பும் வன்பொருளும்

பேக்கப் எடுக்க நான் அறிந்த மிகப் பாதுகாப்பான வழி, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்து அப்படியே வைத்துவிட்டு, புதிதாக ஓர் எஸ்எஸ்டியைப் பொருத்தி அதில் நிறுவுவதுதான். நிறுவலில் எவ்வளவு பெரிய தவறு நேர்ந்தாலும் பழைய டிஸ்க்கை மீண்டும் பொருத்தினால் கணினி முன்பிருந்த நிலைக்கே திரும்பிவிடும். பழைய டிஸ்க்கை யூஎஸ்பி உறையில் இட்டால், கோப்புகளை நிதானமாகப் படியெடுத்துக்கொள்ளவும் முடியும். மேலும், சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் புதிய இயங்குதளம் எதுவானாலும் அது நகராமல் தவிப்பதையே காண்பீர்கள். பிராசசர் பழையது என்று பலரும் நினைக்கும் மந்தம் உண்மையில் டிஸ்க்கின் மந்தம். எனவே பழைய மடிக்கணினிக்குச் செலவழிக்க நினைப்பவர்கள் முதலில் எஸ்எஸ்டிக்கும், அடுத்து ரேமுக்கும் செலவழியுங்கள்.

பழைய டிஸ்க்கிலேயே நிறுவப் போகிறீர்கள் என்றால், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற கருவியால் அதன் உடல்நிலையைப் பாருங்கள். சிதைந்த பகுதிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும் டிஸ்க்கில் எதையும் நிறுவக் கூடாது. கோப்புகளை வெளியே எடுப்பது ஒன்றே அதனிடம் கேட்க வேண்டிய வேலை.

டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்கும் கணினியில் பயாஸ் அமைப்புகளைத் தொட்டால், அடுத்த துவக்கத்தில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது கையில் இல்லாவிட்டால் தரவுகள் முழுவதும் போய்விடும். சாவியை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திய பிறகே மேலே செல்லுங்கள்.

பேட்டரியையும் ஒரு முறை பாருங்கள். அடிப்பகுதி புடைத்திருந்தால் அது பேட்டரி வீங்கியதன் அடையாளம். அதை மாற்றும் வரை கணினியைப் பயன்படுத்தவே வேண்டாம். பேட்டரி சார்ஜ் பிடிக்காத கணினியில் பயாஸ் அப்டேட் செய்வதும் ஆபத்து. நடுவில் மின்சாரம் நின்றால் மதர்போர்டே பயனற்றுப் போகலாம்.

பென் டிரைவைத் தயாரித்தல்

குறைந்தது 8 ஜிபி உள்ள பென் டிரைவை எடுத்துக்கொண்டு, ஐஎஸ்ஓ கோப்பை (இயங்குதளத்தின் முழு நிறுவல் கோப்பு) அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இறக்கிய கோப்பின் ஷா-256 எண்ணை (கோப்பு பழுதாகவில்லை என்று சரிபார்க்க உதவும் அடையாள எண்) தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாமல் விட்டு, பழுதான கோப்பை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் போராடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் வெறுமனே படியெடுத்து ஒட்டுவது சரிப்படாது. பெரும்பாலான யூஇஎஃப்ஐ கணினிகள் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவிலிருந்தே துவங்கும், அந்த முறையிலோ 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக்கோப்பைச் சேமிக்க முடியாது. இப்போதைய விண்டோஸ் ஐஎஸ்ஓவின் உள்ளே இருக்கும் முதன்மைக் கோப்பு அந்த அளவைத் தாண்டிவிட்டது. ரூஃபஸும் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலும் இந்தத் தடையைத் தமக்குரிய வழிகளில் தாமே கையாண்டுவிடும்.

ரூஃபஸில் பார்ட்டிஷன் ஸ்கீம் என்ற தேர்வு வரும். நீங்கள் எழுதி வைத்த தாளை இப்போது எடுங்கள். யூஇஎஃப்ஐ கணினி என்றால் ஜிபிடியையும், லெகசி மட்டுமே உள்ள மிகப் பழைய கணினி என்றால் எம்பிஆரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த ஒரு தேர்வு தவறினால், பென் டிரைவ் மெனுவில் தோன்றாது, அல்லது நிறுவல் பின்னால் டிஸ்க்கை ஏற்க மறுக்கும்.

முதல் தடை: பென் டிரைவிலிருந்து துவங்கவில்லை

துவக்க மெனுவைத் திறக்கும் விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டெல், லெனோவோ, ஏசர் கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசுஸில் எஸ்கேப் விசை. ஏசரின் பல மாடல்களில் எஃப்12 மெனுவைப் பயாஸுக்குள் சென்று முதலில் இயக்கினால்தான் அது வேலை செய்யும்.

விசையை எவ்வளவு அழுத்தியும் நேராக விண்டோஸுக்கே போகிறது என்றால், அதற்குக் காரணம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆக இருக்கலாம். அது இயங்கும்போது ஷட்டவுன் என்பது முழு நிறுத்தமாக இருப்பதில்லை, ஒருவகை உறக்கமாகவே இருக்கும். ஷட்டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து, திரை அணைந்தவுடன் விசையை விட்டுவிட்டு அழுத்திப் பாருங்கள்.

மெனு வந்தும் பென் டிரைவ் அதில் இல்லை என்றால் யூஎஸ்பி துளையை மாற்றுங்கள். பழைய கணினிகள் சிலவற்றில் நீல நிற யூஎஸ்பி 3 துளைகள் தனிச் சிப்பின் வழியே இயங்குவதால், இயங்குதளம் துவங்கும் வரை அவை உயிர் பெறுவதில்லை. கறுப்பு நிற யூஎஸ்பி 2 துளையில் அதே பென் டிரைவ் உடனே தெரியும். சில மலிவான ஆட்டம் பிராசசர் கணினிகளில் பிராசசர் 64-பிட்டாகவும் யூஇஎஃப்ஐ 32-பிட்டாகவும் இருக்கும் விசித்திரமும் உண்டு; அவற்றில் வழக்கமான 64-பிட் பென் டிரைவ் துவங்காது, 32-பிட் யூஇஎஃப்ஐயையும் ஆதரிக்கும் டெபியன் 12 போன்ற வடிவம் வேண்டும்.

கணினியின் தேதியையும் பயாஸில் பார்த்துவிடுங்கள். மதர்போர்டில் உள்ள சிறு பேட்டரி தீர்ந்துவிட்டால் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும், அப்போது இணையச் சான்றிதழ்கள் செல்லாதவை என்று கணினி கருதும். நிறுவலின்போது இணையத்தொடர்பு இருந்தும் எதுவும் இறங்காத மர்மத்துக்கு இது ஒரு காரணம்.

இரண்டாம் தடை: டிஸ்க் தெரியவில்லை, அல்லது இதில் நிறுவ முடியாது என்கிறது

டிஸ்க் தெரிகிறது, ஆனால் அது எம்பிஆர் முறையில் இருப்பதால் நிறுவ முடியாது என்று செய்தி வந்தால், பென் டிரைவ் யூஇஎஃப்ஐ முறையில் துவங்கியிருக்கிறது, டிஸ்க்கோ பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். டிஸ்க்கில் காக்க வேண்டியது எதுவும் இல்லை என்றால், நிறுவல் திரையிலேயே எல்லாப் பார்ட்டிஷன்களையும் நீக்கிவிட்டு, ஒதுக்கப்படாத வெற்றிடத்தைத் தேர்ந்தெடுத்துத் தொடருங்கள். விண்டோஸ் தானே ஜிபிடி முறையில் பிரித்துக்கொள்ளும். இந்த இடத்தில் வெளியில் செருகிய பேக்கப் டிஸ்க்கும் அதே பட்டியலில் தெரியும் என்பதால், நிறுவலுக்கு முன்பே அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். தவறான டிஸ்க்கை அழித்துவிட்டு அழுவோரின் கதை ஒவ்வொன்றும் இந்தத் திரையில்தான் தொடங்குகிறது.

பழைய விண்டோஸையும் கோப்புகளையும் காத்துக்கொண்டே மாற்ற வேண்டும் என்றால், விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பு முதல் உடன் வரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி உள்ளது. முதலில் அதைச் சரிபார்க்கும் நிலையில் மட்டும் ஓட்டி, தடையில்லை என்று அது சொன்ன பின்பே மாற்றத்தைச் செய்யுங்கள். டிஸ்க்கில் மூன்றுக்கு மேற்பட்ட முதன்மைப் பார்ட்டிஷன்கள் இருந்தால் அது மறுத்துவிடும். மாற்றம் முடிந்தவுடன் பயாஸில் லெகசியை யூஇஎஃப்ஐயாக மாற்ற மறந்தால் கணினி துவங்காது.

டிஸ்க் அறவே தெரியவில்லை என்றால், பயாஸில் சேமிப்பகம் ரெய்டு முறையில் (பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கையாளும் முறை) உள்ளதா என்று பாருங்கள். வெற்று டிஸ்க்கில் புதிதாக நிறுவுபவர்கள் அதை ஏஎச்சிஐ என்ற வழக்கமான முறைக்கு மாற்றினால் போதும். ஏற்கெனவே உள்ள விண்டோஸைத் தக்கவைப்பவர்கள் அப்படியே மாற்றிவிட்டால் அந்த விண்டோஸ் துவங்காமல் போகும். முதலில் அத்தியாவசியமானவற்றை மட்டும் இயக்கும் சேஃப் மோடில் துவங்குமாறு அமைத்துவிட்டு, அதன் பின்னரே பயாஸில் மாற்ற வேண்டும்.

மூன்றாம் தடை: பாதியில் நிற்கிறது

இந்தத் தடையில்தான் நான் அதிக நேரத்தை இழந்திருக்கிறேன். என்னுடைய பழைய மடிக்கணினியில் கோப்புகளைப் படியெடுக்கும் கட்டம் ஒரு முறை 18 விழுக்காட்டில் நின்றது, அடுத்த முறை 61-இல், பிறகு 40-இல். பென் டிரைவை மாற்றினேன், ஐஎஸ்ஓவை மறுபடி இறக்கினேன், எஸ்எஸ்டியையும் சந்தேகித்தேன். இரண்டு நாள்களுக்குப் பின், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ இரவு முழுவதும் ஓட்டியபோதுதான் இரண்டு ரேம்களில் ஒன்று பழுதாகியிருந்தது தெரிந்தது. அதைக் கழற்றிய பின் நிறுவல் இருபது நிமிடத்தில் முடிந்தது.

அன்றிலிருந்து முதலில் கவனிப்பது, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறதா என்பதைத்தான். ஒரே இடத்தில் நின்றால் ஐஎஸ்ஓ கோப்பிலோ, பென் டிரைவிலோ, டிஸ்க்கின் ஒரு பகுதியிலோ பழுது இருக்க வாய்ப்பு அதிகம். இடம் மாறி மாறி நின்றால் ரேமையும் வெப்பத்தையும் சந்தேகியுங்கள். பல ஆண்டுகள் திறக்கப்படாத மடிக்கணினியின் விசிறியில் தூசி அடைந்திருக்கும். நிறுவலின்போது பிராசசர் இடைவிடாமல் உழைப்பதால், வழக்கமான வேலைகளில் தெரியாத வெப்பம் அப்போதுதான் வெளிப்படும்.

பழைய விண்டோஸின் உள்ளிருந்தே அப்டேட்டாக நிறுவுபவர்களுக்கு வேறு வகைப் பிழைகள் வரும். 1900101 என்ற இலக்கங்களில் முடியும் பிழை எண் பெரும்பாலும் டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) சிக்கலைக் குறிக்கும். பிரின்டர், வெளி டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, தனியாக நிறுவிய ஆன்டிவைரஸையும் விபிஎன் மென்பொருளையும் நீக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். 80070070 என்று முடிந்தால் இடம் போதவில்லை என்று பொருள். இரண்டு முறை முயன்றும் அதே பிழை வந்தால், அப்டேட்டை விட்டுவிட்டுப் புதிதாக நிறுவுவதுதான் என் அறிவுரை. பல ஆண்டு டிரைவர்களும் மிச்சங்களும் சேர்ந்த விண்டோஸின் மேல் புதியதைக் கட்டுவதைவிட அது குறைந்த நேரத்தில் முடியும்.

நான்காம் தடை: மறுதுவக்கத்துக்குப் பின்

மீண்டும் முதல் நிறுவல் திரையே வந்தால் பதற வேண்டாம், பென் டிரைவிலிருந்து மறுபடி துவங்கியிருக்கிறது. அதைக் கழற்றிவிட்டுத் துவக்குங்கள்.

லினக்ஸில் கறுப்புத் திரை வந்தால், பழைய கிராஃபிக்ஸ் சிப்போடு புதிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒத்துப்போகவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். துவக்க மெனுவில் திருத்தும் விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதியில் நோமோட்செட் என்ற சொல்லை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடைவெளியின்றிச் சேர்த்துத் துவக்கினால் எளிய முறையில் திரை வரும். பிறகு உரிய டிரைவரை நிறுவிக்கொள்ளலாம்.

நிறுவல் வெற்றி என்று சொல்லிவிட்டுத் துவக்கும்போது இயங்குதளமே இல்லை என்கிறதா? பயாஸில் துவக்க வரிசையைப் பாருங்கள். சில பழைய யூஇஎஃப்ஐ கணினிகள் விண்டோஸின் துவக்கப் பதிவை மட்டுமே மதிக்கும், லினக்ஸின் பதிவை நீங்களே பட்டியலில் மேலே ஏற்ற வேண்டியிருக்கும். ஏசரின் சில மாடல்களில் பயாஸுக்கு முதலில் ஒரு கடவுச்சொல் அமைத்தால்தான் அந்தத் துவக்கக் கோப்பை நம்பகமானது என்று சேர்க்கும் வசதியே தெரியவரும்.

இறுதியாக, வைஃபை. விண்டோஸ் 11 நிறுவலின் கடைசிக் கட்டத்தில் இணைய இணைப்பைக் கேட்கும், பழைய வைஃபை சிப்புக்கு டிரைவர் இல்லாமல் அங்கேயே அடைத்துக்கொண்டு நிற்கும். லினக்ஸில் பிராட்காம் சிப் உள்ளவர்களுக்கும் இதே நிலைதான், டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசியைக் கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால், கணினி அதை ஒரு நெட்வொர்க் கார்டாகவே கருதி இணையத்தைப் பெற்றுவிடும். அந்த இணைப்பிலேயே டிரைவர்களை இறக்கிக்கொள்ளலாம்.

உரிமம் பற்றி ஒரு சொல். அதே கணினியில் முன்பு முறையாகச் செயல்படுத்திய விண்டோஸ் 10 இருந்து, அதே ஹோம் அல்லது ப்ரோ பதிப்பை நிறுவினால், மதர்போர்டோடு இணைந்த டிஜிட்டல் உரிமத்தின் வழியே விண்டோஸ் 11 தானே செயல்படும். விண்டோஸ் 7 அல்லது 8-இன் சாவிகளைக் கொண்டு புதிதாகச் செயல்படுத்தும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் மூடிவிட்டது.

அப்டேட்டாக மாறியவர்களுக்கு, பழைய விண்டோஸுக்குத் திரும்பும் வசதி 10 நாள்கள் வரை இருக்கும். அந்த நாள்களுக்குள் பிரின்டர், கேமரா, ஒலி, உறக்கத்திலிருந்து எழுதல் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள். அது வரை இடத்தை மிச்சப்படுத்துவதற்காக டிஸ்க் கிளீனப்பை ஓட்டி, பழைய விண்டோஸின் கோப்புகளை அழித்துவிடாதீர்கள்.